மணியை யாரும் விசாரிக்கவில்லை

அக்கா,

என் விரல்களில் மண்ணெண்ணெய் வீசுகிறது. அதற்கடியில் கருப்புப் பெயிண்டின் வாசனை இன்னும் போகவில்லை. சற்று முன் அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து விரல் விரலாகத் தேய்த்தாள். பள்ளிக்கூடத்து மசி என்று நேற்று நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் கேட்கவில்லை. திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. கடைசியில், "நகத்துக்குள்ள இன்னும் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாசனை உனக்கும் தெரியும். உன்னைத் திருடியாக்கியது அந்தப் பெயிண்ட்தான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த உனக்கு எழுத்து தெரியாது. நீ உயிரோடு இருந்தாலும் இதை நான்தான் உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அதனால் மனத்துக்குள் படித்துக்கொண்டே எழுதுகிறேன். விளக்குக்குக் கருப்புக் காகிதத்தில் தொப்பி மாட்டியிருக்கிறது. அதன் கீழே விழும் சின்ன வட்டத்துக்குள் நோட்டை நகர்த்தி நகர்த்தி எழுத வேண்டியிருக்கிறது. கூடத்தில் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் நோட்டைப் பாவாடைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். ஆனாலும் இன்று நடந்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

கிணற்றடிப் பக்கம் புது அறைகள் கட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர் எழும்பியது, தேக்குச் சட்டங்கள் வந்தன, மஞ்சளும் குங்குமமும் வைத்து ஜன்னல்களை நிறுத்தினார்கள். கம்பி மட்டும் வரவில்லை. இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது, சாமானிய ஜனங்களுக்குக் கிடைக்காது என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கம்பியில்லாத ஜன்னலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நீ கிணற்றடியிலிருந்து உள்ளே தலையை நீட்டி, "இன்னா பாப்பா, இது ஜன்னலா வாசப்படியா? நாளைலேந்து நா இப்டியே பூந்து வந்துடறேன், சுத்திக்கினு வர வேணாம்" என்றாய். பெரியப்பாகூடச் சிரித்தார். அவர் அன்று சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு போலீசிடம் அதே வார்த்தையைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மாம்பலமே காலியாகிக்கொண்டிருந்த சமயம் அது. வண்டி வண்டியாகச் சாமான் ஸ்டேஷனுக்குப் போனது. பெரியம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போய்விட்டாள். பெரியப்பாவுக்குக் குண்டு வீச்சுப் பாதுகாப்பு வேலையில் வார்டன் பதவி கொடுத்திருந்தார்கள். தகரத் தொப்பியும் விசிலும் வந்த பிறகு அவரை ஊரைவிட்டுக் கிளப்ப யாராலும் முடியவில்லை. அப்பா போன நாளிலிருந்து அவர் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அதனால் அம்மாவும் நானும் அவருக்குச் சமைத்துப் போட இங்கேயே தங்கினோம். பாதி வீடு பூட்டிக் கிடந்த தெருவில் திருட்டு பயம் அதிகமாயிற்று. கம்பிக்குப் பதிலாக மணி வைப்பது என்று பெரியப்பா முடிவு செய்தார்.

மவுண்ட் ரோட்டுக் கடையிலிருந்து காதர் பாய் வந்தார். புதுச் சட்டத்தில் துளை போட்டு, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பித்தளைக் குமிழ் பதித்தார். ஜன்னல் மூடியிருந்தால் கதவு அந்தக் குமிழை உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கும். திறந்தால் குமிழ் வெளியே துள்ளும், கூடத்தில் மணி அலறும். அலமாரிக்கு மேலே கண்ணாடி ஜாடிகளில் நவாச்சாரத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து மின்சாரம் எடுத்தார். நாம் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். "திருடன் வந்தா மணி அடிக்குமா? சாப்பாட்டுக்குக் கூப்புடற மாரி கீதே" என்று நீ சொல்ல, காதர் பாய் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

மணி இருக்கிறதே என்ற தைரியத்தில் பெரியம்மாவின் வெள்ளிச் சாமானைப் பெரியப்பா இங்கேயே வைத்திருந்தார்.

நீ அந்தக் குமிழ்களையும் உன் கணக்கில் சேர்த்துக்கொண்டாய். வெள்ளிக்கிழமை விளக்குகளுக்குப் புளி போட்டுத் தேய்க்கும்போது மிச்சப் புளியோடு, மணி அலற அலற, ஜன்னல் ஜன்னலாகப் போவாய். அவை எப்போதும் பளபளவென்று இருந்தன.

பிறகு விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று பிளாக்-அவுட் உத்தரவு வந்தது. எல்லாரும் கண்ணாடிக்குக் கருப்புக் காகிதம் ஒட்டினார்கள். பெரியப்பா வார்டன் அல்லவா, அவருக்குக் காகிதம் போதவில்லை. ஒரு டப்பா கருப்புப் பெயிண்ட் வாங்கிவந்து, வேறு யாரையும் தொடவிடாமல், தானே எல்லாக் கண்ணாடிக்கும் அடித்தார். கிணற்றடி ஜன்னலுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அவசரத்தில் கண்ணாடியைத் தாண்டிச் சட்டத்திலும் அடித்து, ஈரம் காய்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புளிக் கிண்ணத்தோடு நீ அவர் முன்னால் போய் நின்றாய். நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். "எசமானே, கெணத்தாண்ட ஜன்னலு குமிழு வெளிய வரல. கருப்பு அப்பிக்கினு கீது" என்றாய். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை. "குமிழைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா? போய் உன் பாத்திரத்தைத் தேய்" என்றார். நீ என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாய்.

ஐப்பசி மழையில் புது மரம் ஊதிற்று. கிணற்றடி ஜன்னலின் தாழ்ப்பாள் துளைக்குள் இறங்கவில்லை. மணி இருக்கும்போது தாழ்ப்பாள் எதற்கு என்றார் பெரியப்பா.

அன்று மாலை சைதாப்பேட்டைப் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அம்மாதான் உன்னைப் போக வேண்டாம் என்று நிறுத்தினாள். நீ சமையலறைத் தாழ்வாரத்தில் சாக்கு விரித்துப் படுத்தாய். காலையில் பெரியம்மாவின் வெள்ளிக் குடமும் சந்தனப் பேலாவும் குத்துவிளக்கும் இல்லை. கிணற்றடி ஜன்னல் ஒழுங்காகச் சாத்தியிருந்தது. போகிறவன் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.

சப்-இன்ஸ்பெக்டர் கூடத்தில் நின்று மணியை அண்ணாந்து பார்த்தார். எங்காவது ஒரு ஜன்னலைத் திறந்து காட்டுங்கள் என்றார். பெரியப்பா தெருப் பக்கத்து ஜன்னலைத் திறந்தார். மணி அலறிற்று. "பெல்லு நல்லாத்தான் இருக்கு. ராத்திரி அடிக்கலேன்னா வெளியாள் வரலை. வீட்டுல படுத்தது யாரு?" என்று கேட்டார். அம்மாவும் நானும் வீட்டு மனிதர்கள். மிச்சம் நீ. அப்போதுதான் பெரியப்பா, ஜன்னல் வழியாகப் பூந்து வருவேன் என்று நீ சொன்ன கேலியை எடுத்துச் சொன்னார்.

நீ அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் பார்த்துச் சொன்னாய்.

"மணி அடிக்கலன்னா மணிய விசாரிங்க எசமானே. என்ன இன்னாத்துக்கு விசாரிக்கிறீங்க?"

கான்ஸ்டபிள் உன் கன்னத்தில் அறைந்தான். வெற்றிலைச் சாறு உன் தோளில் வழிந்தது. உன்னை வாசல் வழியாக, தெருவே பார்க்க, நடத்திக் கூட்டிப்போனார்கள்.

அன்று சாயங்காலம் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. பெரியப்பா தனியாகக் கிணற்றடி அறைக்குப் போனார். நான் துணி எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே. அவர் கதவைத் திறந்தார். மணி அடிக்கவில்லை. மூடித் திறந்தார். அடிக்கவில்லை. சட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, குமிழைச் சுற்றி மெல்லக் கீறினார். குமிழ் துள்ளி வெளியே வந்தது. வீடு முழுவதும் மணி அலறிற்று. அவர் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை, சோதிச்சுப் பார்த்தேன்" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி கத்தினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"தூளா இருக்கு பாரு, பெருக்கிடு" என்றார்.

நீ அப்போது ஸ்டேஷனில்தான் இருந்தாய், அக்கா. செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தால் விளக்கு வைப்பதற்குள் அங்கே போய்விடலாம். தவறு நடந்துவிட்டது, அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? அவர் கைகழுவிவிட்டுக் காபி கேட்டார். இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். கண்ணாடிக்குப் பெயிண்ட் அடித்தது அவசரம். உன்னை அதட்டியது திமிர். ஆனால் தெரிந்த பிறகு அந்தக் காபியைக் குடித்தாரே, அது வேறு.

நான் பெருக்கினேன். தூளில் ஒரு துண்டு மட்டும் உடையாமல் முழு வளையமாக வந்திருந்தது. குமிழின் அளவுக்குச் சின்ன மோதிரம் போல. வெளிப்பக்கம் கருப்பு. உள்பக்கம் வழவழப்பாக, பித்தளையின் சாயல் படிந்து. அதை என் ஜியோமெட்ரிப் பெட்டியில் வைத்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் என் வாயைப் பொத்தினாள். "இந்த வீட்டை விட்டா நமக்கு வேற போக்கிடம் இருக்கா? சொல்லு, இருக்கா?" என்று கேட்டாள். அவள் உள்ளங்கையில் பெருங்காய வாசனை அடித்தது.

உன்னிடம் எதுவும் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். உன் தூக்குப் பாத்திரத்தையும் மாற்றுப் புடவையையும் வாங்கிப்போக வந்தாய். உள்ளே விடக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்ததால் நான்தான் வாசல் கேட்டுக்கு எடுத்துவந்தேன். உன் ஒரு கண் மூடியே இருந்தது. மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாய். நான் அழ ஆரம்பித்தேன். நீ அதைக் கவனிக்காதவள் போல, "இப்ப அந்த ஜன்னலு மணி அடிக்குதா பாப்பா?" என்றாய்.

"அடிக்குது அக்கா."

"அப்ப எவனோ சொரண்டி வுட்டுக்கீறான்" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்ததில் வலி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாய். பிறகு வாயிலிருந்த வெற்றிலையைக் கேட் தூணில், பெரியப்பா பெயர்ப் பலகைக்குக் கீழே, துப்பினாய். "நீ இப்ப ஒண்ணும் பேசாத. உன்னப் போட்டு அடிப்பான். பேசறதுக்கு ஒரு நேரம் வரும், அன்னிக்கி மட்டும் கம்முனு இருந்துடாத."

அதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. அந்தக் கறையின் மேல் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார்கள். மழை பெய்தால் இன்னும் சிவப்புத் தெரிகிறது.

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். உன் மகள்தான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மா பார்த்த வேலையைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். "திருட்டுக் குடும்பம், இன்னொரு தடவை கேட் பக்கம் வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்" என்று பெரியப்பா அவளை விரட்டினார். இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரைக் கட்டு விற்கிறாள். அங்கேயும் யாரோ அவளைத் திருடி மகள் என்று கூப்பிட்டதாக அம்மா சொன்னாள்.

இதற்கு மேல்தான் நீ கேட்க வேண்டியது இருக்கிறது. பெரியப்பா உன்னை ஒரு கதையாக்கிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் மணியைக் காட்டுவார். தெருப்பக்கத்து ஜன்னலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, கடைசியில் கிணற்றடி ஜன்னலுக்குக் கூட்டிப்போவார். "இது அடிச்சாலும் திருடன் மாட்டுவான், அடிக்காட்டியும் மாட்டுவான்" என்று சொல்லிவிட்டு உன் கதையை எடுப்பார். நீ பேசுவது போலவே பேசிக் காட்டுவார். மணிய விசாரிங்க எசமானே என்று கழுத்தை ஒடித்து அவர் சொல்லும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் காபித் தட்டோடு நிற்பேன். ஒவ்வொரு தடவையும் தட்டை அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருக்கும். ஒவ்வொரு தடவையும் தட்டை ஒழுங்காக நீட்டுவேன்.

அதே சப்-இன்ஸ்பெக்டர் சனிக்கிழமை டிபனுக்கு வருகிறார் என்று வியாழக்கிழமை பெரியப்பா அம்மாவிடம் சொன்னார். நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை, நேற்று, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவுடன் மாடிப்படிக்கு அடியிலிருந்த அந்தப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். மேலே ஆடை போலக் காய்ந்திருந்தது, கீழே இன்னும் இளக்கமாக இருந்தது. துடைப்பக் குச்சியால் தொட்டு எடுத்தேன். கதவை லேசாகத் திறந்து, குமிழை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அதைச் சுற்றிப் பூசினேன். விரல் வழுக்கினால் மணி அலறிவிடும். கதவு குமிழைத் தொடும்போதுதான் விரலை உருவிக்கொண்டு சாத்தினேன். பெயிண்ட் வாசனையை மறைக்க அந்த அறையில் இரண்டு மடங்கு சாம்பிராணி போட்டேன். இன்னிக்கு என்னடி இவ்வளவு பக்தி என்றாள் அம்மா.

மணி அடிக்காமல் போனால் மட்டும் எனக்குப் போதாது. அவர் கை எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். அதைத்தான் நம்பியிருந்தேன்.

இன்று சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டரும் எதிர்வீட்டு ஓவர்சியர் மாமாவும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. மணி ஊர்வலம் தொடங்கியது. தெருப்பக்கம் அடித்தது, மாமரத்துப் பக்கம் அடித்தது. கிணற்றடி ஜன்னலுக்கு வந்ததும் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடிச்சாலும் மாட்டுவான், அடிக்காட்டியும்" என்று ஆரம்பித்துக் கதவைத் திறந்தார்.

ஒன்றுமில்லை. கிணற்று ராட்டினத்தில் காக்காய் கத்துவதுதான் கேட்டது.

"என்ன சார், மணிக்கும் பிளாக்-அவுட்டா?" என்றார் ஓவர்சியர் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். காது சிவந்தது. அப்புறம், அக்கா, நான் எத்தனை நாள் நினைத்துப் பார்த்தேனோ அப்படியே அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. ஜாடியைப் பார்க்கவில்லை. ஒயரைப் பார்க்கவில்லை. பேனாக்கத்தியைப் பிரித்துக்கொண்டு நேராகக் குமிழிடம் குனிந்தார். "ஒண்ணுமில்லை, பெயிண்ட் ஒட்டியிருக்கும். இந்த ஜன்னலுக்கு இதே வேலை" என்று சொல்லிக்கொண்டே கீறினார். மணி அலறிற்று. வென்றவர் போல நிமிர்ந்தார்.

என் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வந்தது சின்னக் குரல்தான்.

"திருட்டு நடந்த அன்னைக்கும் இப்படித்தான் ஒட்டியிருந்ததா, பெரியப்பா?"

அவர் வாயைத் திறந்தார். உன்னைப் போலப் பேசிக் காட்டும் அந்த வாய். கத்தி கையிலேயே இருந்தது. நான் தாவணியில் முடிந்திருந்த கருப்பு வளையத்தை எடுத்துக் குமிழின் மேல் வைத்துக் காட்டினேன். அளவு சரியாக இருந்தது. அக்காவைக் கூட்டிப்போன அன்று சாயங்காலம் பெரியப்பா சுரண்டி எடுத்ததைப் பெருக்கும்போது கிடைத்தது என்றேன்.

"குழந்தை ஏதோ உளறுது" என்றார் பெரியப்பா. சப்-இன்ஸ்பெக்டர் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். காபி பாதிக்கு மேல் இருந்தது. "அந்தப் பொம்பளை செத்துட்டா, இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அப்ப ஒண்ணுமில்ல சார், விட்டுடுங்க" என்று பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். ஒண்ணுமில்லையாம். நீ செத்துப்போனதால் அவருக்கும் வசதியாகிவிட்டது. அவரையும் நான் மறக்க மாட்டேன்.

ஓவர்சியர் மாமா மட்டும் போகும்போது கேட் அருகில் நின்றார். அவர் கேலி பேசவில்லை. "அந்தம்மாவோட பொண்ணு மார்க்கெட்லதான இருக்கா?" என்று என்னைக் கேட்டார். கீரைக் கடை வரிசையில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு மாமி பக்கத்து வீட்டுச் சுவரோரம் நின்று பேசுவதை மாடியிலிருந்து பார்த்தேன். அந்த மாமி இரண்டு கைகளையும் விரித்து விரித்துப் பேசினாள். அதைவிட இனிப்பான ஒன்றை நான் இன்று பார்க்கவில்லை.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. ஏணி போட்டு ஏறி மணியைக் கழற்றினார். கூடத்துச் சுவரில் ஒயர் இரண்டும் வெறுமனே தொங்குகின்றன. கம்பியும் இல்லை, மணியும் இல்லை. அதனால்தான் நாற்காலியில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருக்கிறார். காற்றுக்கு ஜன்னல் கிறீச்சிட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கட்டும். ஒவ்வொரு இரவும் பார்க்கட்டும்.

நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தலாம். அம்மாவையும் என்னையும் வெளியே போகச் சொல்லலாம். அம்மா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவள் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அவள்தான் இழுத்து வைத்திருக்க வேண்டும். மேலே உன் பழைய புளிக் கிண்ணம் இருக்கிறது. அதை எதற்கு எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

வளையம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு ஓரம் உடைந்திருக்கிறது. நகத்துக்குள் கருப்பும் இருக்கிறது. ஆனால் காலையில் பெரியப்பா என்னைக் கூடத்தில் நிறுத்தி, யார் அந்தப் பெயிண்ட்டைப் பூசினார்கள் என்று விசாரிக்கும்போது இவை இரண்டும் எனக்கு வேண்டாம். உன் வார்த்தை போதும். அவர் இத்தனை நாள் கழுத்தை ஒடித்துச் சொல்லிக் காட்டிய வார்த்தை. முந்தானை இல்லை, தாவணியை இடுப்பில் செருகிக்கொள்வேன். நேராகப் பார்த்து, நீ சொன்ன மாதிரியே சொல்வேன்.

என்னை எதற்கு விசாரிக்கிறீர்கள், பெரியப்பா? மணியை விசாரியுங்கள்.